மகளின் பற்களுக்கு வெனீர் செய்யலாமா?



மட்டாஞ்சேரியில் வசிக்கும் ஒரு தாயாரிடமிருந்து வந்த கடிதத்தை இம்மாதம் எடுத்துக்கொள்கிறேன். பெயரை வெளியிட வேண்டாமென்று கேட்டிருக்கிறார்கள், அப்படியே செய்கிறேன். தர்மபுரி மாவட்டத்தில் பென்னாகரத்துக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்திலிருந்து 2013-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பிழைப்புக்காகக் கொச்சிக்கு வந்த குடும்பம் அது. கணவர் பஜார் ரோட்டில் ஒரு சரக்குக் கிடங்கில் வேலை செய்கிறார். மூத்த மகள் எறணாகுளத்தில் ஒரு துணிக்கடையில் விற்பனைப் பணியில் இருக்கிறாள். ஊரைவிட்டு வந்தபோது அவளுக்கு வயது பத்து. இளையவன் மட்டாஞ்சேரியிலேயே பிறந்தவன்.

மகளின் மேல்வரிசை முன்பற்களில் பழுப்புக் கோடுகளும் வெண்திட்டுகளும் உள்ளன. தம்பியின் பற்களோ பளிச்சென்று இருக்கின்றன. "அவள் சரியாகப் பல் துலக்கவில்லை என்று சிறு வயதில் எத்தனையோ முறை அடித்திருக்கிறேன்" என்று அந்தத் தாயார் எழுதியிருக்கிறார்கள். மகள் சிரிக்கும்போதெல்லாம் கையால் வாயை மறைத்துக்கொள்கிறாளாம். இப்போது திருமணப் பேச்சு நடக்கிறது. பெண் பார்க்க வந்த வீட்டார், "இது பிள்ளைகளுக்கும் வருமா?" என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒரு பல் மருத்துவமனையில் விசாரித்தபோது, எட்டுப் பற்களுக்கு வெனீர் ஒட்டினால் சரியாகிவிடும், இரண்டே வருகையில் முடித்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். சீட்டுப் பணத்தை எடுத்துக் கட்டலாமா என்பது தாயாரின் கேள்வி.

முதலில் மாப்பிள்ளை வீட்டாரின் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். ஒரு கடிதத்தை வைத்துக்கொண்டு நோயைத் தீர்மானிக்க இயலாது. எனினும் பிறந்த ஊரையும், கறையின் தோற்றத்தையும், அக்காளுக்கும் தம்பிக்கும் உள்ள வேறுபாட்டையும் சேர்த்துப் பார்க்கும்போது, இது புளோரோசிஸ் என்றே எண்ணத் தோன்றுகிறது. புளோரோசிஸ் பரம்பரை நோயன்று. தண்ணீரால் வருவது.

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் அடிநிலப் பாறைகளில் புளோரைடு கலந்த தாதுக்கள் உண்டு. ஆழ்துளைக் கிணறுகள் ஆழமாகச் செல்லச் செல்ல, பாறையோடு நெடுங்காலம் தங்கியிருந்த நீர் மேலே வருகிறது. புளோரைடும் அதனோடு வருகிறது. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்கவேண்டும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தரநிர்ணயம். அதற்கு மேற்பட்ட நீரைக் குழந்தை தொடர்ந்து குடிக்கும்போது, ஈறுக்குள்ளே உருவாகிக்கொண்டிருக்கும் நிலைத்த பற்களின் எனாமல் சரியாக இறுகாமல், கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளோடு நின்றுவிடுகிறது. பல் முளைத்து வெளிவந்தபின் உணவின் நிறமும் தேநீரின் நிறமும் அத்துளைகளில் ஏறிப் பழுப்பாகின்றன. முன்பற்களின் எனாமல் உருவாவது ஏறக்குறைய எட்டு வயதுக்குள் முடிந்துவிடும். அதற்குப் பின் எந்த நீரைக் குடித்தாலும் அந்தப் பற்களில் புதிதாக இக்கறை உண்டாகாது. முன்பு உண்டானது தானாக நீங்கவும் செய்யாது.

ஆகவே சகோதரி, உங்கள் மகள் பல் துலக்காததால் வந்த கறையன்று இது. இன்று எவ்வளவு தேய்த்தாலும் போகாது. கரித்தூளும் செங்கற்பொடியும் வைத்துத் தேய்த்தால் கறை இருக்கும், எனாமல்தான் தேயும்.

இந்த நோயின் வரலாறும் உங்கள் வீட்டுக் கதையைப் போன்றதே. அமெரிக்காவில் கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்னும் ஊருக்கு 1901-ஆம் ஆண்டில் தொழில் செய்ய வந்த பிரெடெரிக் மெக்கே என்ற இளம் பல் மருத்துவர், அவ்வூரில் வளர்ந்தவர்களின் பற்களிலெல்லாம் பழுப்புக் கறை இருப்பதைக் கண்டு வியந்தார். காரணம் தேடிப் பல ஆண்டுகள் அலைந்தார். ஐடஹோ மாநிலத்தில் ஓக்லி என்ற சிற்றூரில், ஒரு வெந்நீர் ஊற்றிலிருந்து குழாய் போட்டபிறகே பிள்ளைகளின் பல் கறைபட்டது என்று தாய்மார் சொன்னார்கள். 1920-களில் ஊரார் அந்தக் குழாயைக் கைவிட்டு வேறு ஊற்றுக்கு மாறினார்கள்; பின்பு வளர்ந்த பிள்ளைகளின் பற்கள் கறையில்லாமல் முளைத்தன. அந்தத் தண்ணீரில் இருந்தது புளோரைடு என்று 1931-இல்தான் தெரியவந்தது. நம் நாட்டில் அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்திலிருந்து 1937-இல் இந்நோய் பதிவு செய்யப்பட்டது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மக்களுக்காக ஜப்பானியக் கடனுதவியோடு 2008-இல் அடிக்கல் நாட்டப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ஆம் ஆண்டு மே மாதம் தொடங்கிவைக்கப்பட்டது. காவிரி நீர் உங்கள் ஊர்ப்பக்கம் வருவதற்குச் சில மாதங்கள் முன்னே நீங்கள் புறப்பட்டிருக்கிறீர்கள்! அப்படியே தங்கியிருந்தாலும் மகளின் முன்பற்களுக்கு அது காலங்கடந்த உதவியாகவே இருந்திருக்கும். மட்டாஞ்சேரியில் ஆற்றுநீரைக் குடித்து வளர்ந்த தம்பியின் பற்களே, மாப்பிள்ளை வீட்டாருக்கு நீங்கள் காட்டக்கூடிய சாட்சி. மகளுக்குப் பிறக்கும் பிள்ளைகள் எந்த ஊரில் எந்த நீரைக் குடித்து வளர்கிறார்கள் என்பதைப் பொறுத்தே அவர்களுடைய பற்களும் இருக்கும்.

இனி வெனீருக்கு வருவோம். பல்லின் முன்புறத்தில் மட்டும் ஒட்டப்படும் மெல்லிய ஓடு இது. பல் முழுவதையும் மூடும் கேப் வேறு, இது வேறு. கலிபோர்னியாவில் சார்லஸ் பின்கஸ் என்ற பல் மருத்துவர் 1930-களில் ஹாலிவுட் நடிகர்களுக்காக இதைச் செய்தார். படப்பிடிப்பு நேரத்துக்கு மட்டும் பல்செட் ஒட்டும் பொடியால் ஒட்டி, முடிந்ததும் கழற்றிவிடுவார்கள். சிறுமியாயிருந்த ஷெர்லி டெம்பிள் விழுந்துபோன பால்பற்களை மறைத்து நடித்ததும் இவற்றைக்கொண்டுதான். அப்போது நிலையாக ஒட்டும் வழி இல்லை. 1955-இல் மைக்கேல் புவனோகோர் என்பவர், பாஸ்பாரிக் அமிலத்தைச் சிறிது நேரம் எனாமலின்மேல் வைத்தால் அது சொரசொரப்பாகிப் பிசின் இறுகப் பற்றிக்கொள்ளும் என்று கண்டார். 1980-களின் தொடக்கத்தில் பீங்கானின் உட்புறத்தையும் அமிலத்தால் அரித்து ஒட்டும் முறை வந்தது. இன்று செய்யப்படுவது அதன் வளர்ச்சியே.

செய்யும் விதத்தை அறிந்துகொள்வது நல்லது, ஏனெனில் விளம்பரங்களில் காட்டாத பகுதி இதுதான். ஓட்டுக்கு இடம் உண்டாக்குவதற்காகப் பல்லின் முன்புற எனாமலை ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் சீவி எடுக்கிறார்கள். பிறகு அளவெடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, ஓடு வந்ததும் ஒட்டி, நீல ஒளி பாய்ச்சி இறுகச் செய்கிறார்கள். அரை மில்லிமீட்டர்தானே என்று எண்ணவேண்டாம். முன்பல்லின் எனாமல், நுனிப்பக்கத்தில் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரும் ஈறுப்பக்கத்தில் அதில் பாதிக்கும் குறைவாகவுமே இருக்கும். எனாமலை உண்டாக்கும் உயிரணுக்கள் பல் முளைக்கும்போதே மறைந்துவிடுகின்றன. நகம் வளரும், முடி வளரும், எலும்பும் கூடும், எனாமல் வளர்வதில்லை. சீவியது சீவியதுதான்.

நன்றாகச் செய்யப்பட்ட பீங்கான் வெனீர்களில் பெரும்பாலானவை பத்து ஆண்டுகளுக்கு மேல் நிலைக்கின்றன. பதினைந்து, இருபது ஆண்டுகள் நிற்பவையும் உண்டு. அறுபது வயதில் செய்துகொள்பவருக்கு இது போதும். உங்கள் மகளுக்கு வயது இருபதின் தொடக்கம். முப்பத்தைந்தை ஒட்டி ஒருமுறையும், ஐம்பதை ஒட்டி மறுமுறையும் புதுப்பிக்க வேண்டியிருக்கும். பழைய ஓட்டை எடுக்கும்போது அடியிலுள்ள பல்லும் சிறிது தேயும். ஒரு பல்லுக்குச் சில ஆயிரம் ரூபாயில் தொடங்கும் கட்டணத்தை எட்டால் பெருக்கி, அதையும் இரண்டு மூன்று முறை கணக்கிட்டுப் பாருங்கள். மருத்துவமனையில் சொன்ன தொகை முதல் தவணை மட்டுமே. சீட்டு ஒருமுறைதான் விழும்.

புளோரோசிஸ் பற்களில் வேறொரு சிக்கலும் உண்டு. இந்த எனாமல் அமிலத்துக்கு எளிதில் இடங்கொடுப்பதில்லை. ஆகையால் ஒட்டுவதில் மருத்துவர் கூடுதல் கவனம் செலுத்தவேண்டும். மேலும் பீங்கான் ஓடு ஒளி ஊடுருவக்கூடியது. அடியில் கரும்பழுப்பு இருந்தால் மெல்லிய ஓட்டின் வழியே அது தெரியும். அதை மறைக்கத் தடித்த ஓடு வேண்டும். தடித்த ஓட்டுக்கு இன்னும் ஆழமாகச் சீவவேண்டும். எனாமலைத் தாண்டிச் சீவிவிட்டால் ஒட்டும் வலிமை குறையும், கூச்சம் வரும், சிலருக்கு வேர் சிகிச்சை வரையிலும் போய்விடும். பல்லைச் சீவாமலே ஒட்டும் வெனீர் என்று சொல்லப்படுவது இத்தகைய கறைக்குப் பெரும்பாலும் பொருந்தாததும் இதனாலேயே.

அப்படியானால் வழி இல்லையா? உண்டு. வெனீரைவிட எளியவை உண்டு என்பதைத்தான் அந்த மருத்துவமனையில் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள். மைக்ரோ அப்ரேஷன் என்பது ஹைட்ரோகுளோரிக் அமிலமும் நுண்ணிய உராய்வுத் தூளும் கலந்த பசையால் எனாமலின் மேற்பரப்பை மிக மெல்லியதாகத் தேய்த்தெடுக்கும் முறை. 1986-இல் தியோடர் க்ரால் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் இதை ஒழுங்குபடுத்தி வெளியிட்டார். புளோரோசிஸின் பழுப்பு பெரும்பாலும் மேற்பரப்பிலேயே தங்குவதால், இதில் நன்றாகக் கேட்கும். எடுக்கப்படும் எனாமல், வெனீருக்குச் சீவுவதில் ஒரு சிறு பங்கே. அதன்பின் வெண்திட்டுகளுக்கும் மற்றப் பல்பரப்புக்கும் உள்ள வேறுபாடு கண்ணை உறுத்தினால், மருத்துவரின் மேற்பார்வையில் ப்ளீச்சிங் செய்யலாம். நுண்துளைகளுக்குள் ரெசினைப் பாய்ச்சி நிறத்தைச் சமப்படுத்தும் முறையும் இப்போது இருக்கிறது. குழிவிழுந்த பல் ஒன்றிரண்டு இருந்தால் அவற்றை மட்டும் காம்போசிட் கொண்டு நிரப்பிவிடலாம். அது சில ஆண்டுகளில் தேநீர்க் கறை பிடிக்கும், ஓரம் உடையும், ஆனால் மறுபடியும் மெருகேற்றவோ ஒட்டவோ முடியும். செலவும் குறைவு. (கடையில் விற்கும் வெண்மையாக்கும் பொடிகளை நான் ப்ளீச்சிங் என்று சொல்லவில்லை.)

இவையெல்லாம் செய்தும் போதாத பற்கள் உண்டு. எனாமல் பரவலாகச் சிதைந்து, குழிகளும் உடைவுகளுமாக இருக்கும் கடுமையான நிலையில் வெனீரே தக்க சிகிச்சையாகலாம். சிலருக்குக் கேப் வேண்டியிருக்கும். அப்போது செய்துகொள்ளுங்கள், தயங்கவேண்டாம். முன்னர் செய்த சிகிச்சை வீணாகவும் போகாது. கறை வெளுத்திருந்தால் ஓடு மெல்லியதாகவே போதும், சீவுவதும் குறையும். ப்ளீச்சிங் செய்தபின் இரண்டு வாரம் விட்டு ஒட்டவேண்டும், இல்லையேல் பிடிப்பு சரியாக இராது. எட்டுப் பற்களுக்கும் வேண்டுமா, சிரிக்கும்போது தெரிகிற நான்குக்குப் போதுமா என்றும் கேளுங்கள். சீவுவதற்கு முன்னரே, தற்காலிக ரெசினைப் பற்களின்மேல் வைத்து, முடிந்தபின் முகம் எப்படியிருக்கும் என்று காட்ட மருத்துவரால் இயலும். அதைப் பார்க்காமல் ஒப்புக்கொள்ளவேண்டாம். தூக்கத்தில் பல்லைக் கடிக்கும் வழக்கமும் ஈறில் இரத்தக் கசிவும் இருந்தால் முதலில் அவற்றுக்கு மருத்துவம் பார்க்கவேண்டும். அழகு நிலையங்களிலும் வீடுகளிலும் வெனீர் ஒட்டித் தருவதாகச் சொல்பவர்களிடம் போகவே வேண்டாம்.

இரண்டாவது கருத்தைக் கேட்க ஆலப்புழையிலோ கோட்டயத்திலோ உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கு ஒரு நாள் சென்றுவாருங்கள். ஆலப்புழையில் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்த பகுதிகள் இருப்பதால், அங்குள்ள மருத்துவர்களுக்கு இந்தக் கறை புதிதாயிராது. எந்த ஊரில் எந்த வயது வரை வளர்ந்தாள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கடிதத்தின் ஓரத்தில் சிறிய எழுத்தில் இன்னொன்றும் கேட்டிருக்கிறீர்கள். நகையே அணியாத குடும்பம் நாங்கள், பல்லுக்கு இப்படிச் செய்வது அலங்காரம் ஆகிவிடாதா என்று. ஒரு பிள்ளை கை முறிந்தால் கட்டுப்போடுகிறோம். கெட்ட தண்ணீர் கெடுத்ததைச் சரிசெய்வது அதைச் சேர்ந்தது என்பது என் எண்ணம். கறையில்லாத நல்ல பற்களை நடிகையரைப் போல வெளுக்கவேண்டுமென்று சீவுகிறவர்களைப் பற்றிக் கேட்டிருந்தால் வேறுவிதமாக எழுதியிருப்பேன்.

உங்களுக்கும் கணவருக்கும் இடுப்பிலும் கழுத்திலும் நெடுநாளாய் இறுக்கமான வலி இருந்தால், ஊரில் எத்தனை ஆண்டுகள் அந்த நீரைக் குடித்தீர்கள் என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். புளோரைடு பெரியவர்களின் பல்லை விட்டுவிட்டாலும் எலும்பை விடுவதில்லை.

முன்பணம் இன்னும் கட்டவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கட்டவேண்டாம். திருமண நாளும் இன்னும் குறிக்கப்படவில்லை. மைக்ரோ அப்ரேஷனுக்கு ஓரிரண்டு வருகை போதும். அதன்பின் இரண்டு மாதம் பொறுத்து, மகளிடமே கண்ணாடியைக் கொடுத்து, இன்னும் வெனீர் வேண்டுமா என்று கேளுங்கள். அதற்கு முன்னே இன்றிரவே, சிறு வயதில் அடித்ததற்கு அவள் காரணமல்ல என்பதை அவளிடம் சொல்லிவிடுங்கள்.