வாங்கும் வைத்தியமும்

உளநோய்க்கு வைத்தியம் எங்கே தொடங்குகின்றது? மருந்துச் சீட்டிலே என்பார் பலர். நோயாளியும் வைத்தியரும் ஒருவரையொருவர் நம்பிப் பேசும் முதற்பேச்சிலே என்பது எனது துணிபு.

கையொடிந்தவன், வைத்தியர் சிடுசிடுத்தாலும் மறுமுறை போவான். வலி அவனை இழுத்துச் செல்லும். மனமொடிந்தவனோ தன்னை ஒரு பொருட்டாக மதியாத இடத்தை மீண்டும் மிதிப்பதில்லை. அவன் வாராதவிடத்து, எத்துணைச் சிறந்த மருந்தும் அலுமாரியிலேயே கிடக்கும்.

இதற்குச் சான்று ஆபிரிக்காவில் உண்டு. உளநோய் வைத்தியர் மிகச் சிலரே உள்ள நாடு சிம்பாப்வே. அங்கே டிக்சன் சிபண்டா என்னும் வைத்தியர், 2006ஆம் ஆண்டில், ஹராரே நகரின் ஏழைக் குடியிருப்பொன்றில் 14 முதிய மாதரைப் பயிற்றி, சிகிச்சை நிலைய முற்றத்து மரவாங்குகளில் அமர்த்தினார். அவர் இட்ட பெயர் 'உளநல வாங்கு'. அப்பெயரைக் கேட்டால் ஒருவரும் வந்து அமரார் என்றனர் அந்த ஆச்சிமார். அது 'நட்பு வாங்கு' ஆயிற்று. நூல்கள் கூறும் நோய்ப்பெயர்களை விட்டு, 'குஃபுங்கிசிசா' என்னும் ஊர்ச்சொல்லையே அவர்கள் வழங்கினர். அளவு மீறிய யோசனை என்பது அதன் பொருள். 'ஒரே யோசனையாய்க் கிடக்கு' என்னும் யாழ்ப்பாணத்துப் பேச்சை அறிந்தார்க்கு அது அந்நியமன்று.

24 நிலையங்களில் 573 பேரிடம் நடந்த ஆய்வு 2016இல் வெளியாயிற்று. ஆறு மாதத்தின்பின், வழமையான கவனிப்புப் பெற்றோருள் நூற்றுக்கு ஏறத்தாழ 50 பேரிடம் மனச்சோர்வு காணப்பட்டது. வாங்கிலே பேசியோருள் 14 பேரிடமே. ஆச்சிமார் கைக்கொண்டது பயின்ற முறையே; ஆயினும் தம் மொழியில், சரியாசனத்தில் இருந்து கேட்டமையாலேயே அது பலித்தது என்பேன்.

மருந்து வேண்டாமென்று நான் கூறவில்லை. கடிய நோய்க்கு அது இன்றியமையாதது. ஆனால், அதனை மாதக்கணக்கில் தவறாது உண்ணச் செய்வதும் வைத்தியர்மீது கொண்ட நம்பிக்கையே.

நமது நாட்டில், 1926இல் மனநோய் வைத்தியசாலை அமைந்த அங்கொடை என்னும் ஊரின் பெயரே வசைச்சொல்லாயிற்று. அவ்வசைக்கு அஞ்சி அஞ்சி வைத்தியரிடம் வருபவனை, அவர் நிமிர்ந்து பார்த்துப் பெயர்சொல்லி அழைத்து இருக்கச் சொல்வாராயின் பாதிப் பயம் நீங்கும். வைத்திய மாணவருக்கு இப்பழக்கத்தை ஊட்டுதல் பல்கலைக்கழகத்தார் கடன். வகுப்பறையில் அவ்வசைச்சொல் எழும்போது அதனைச் சிரித்து விடாமற் கண்டித்தல் ஆசிரியராகிய நம் கடன்.