ஸ்டெம் செல் போட்டால் ஆறாத கால் புண் ஆறிடுமா?

அப்பாவுக்குப் பாதத்தில் ஒரு புண். நாலு மாசமா டிரஸ்ஸிங் மாத்திக்கிட்டே இருக்கீங்க, ஆறல. ‘விரலை எடுக்க வேண்டி வரலாம்’ என்று டாக்டர் சொன்ன அன்றைக்கே, சொந்தக்காரர் ஒருவர் வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்புகிறார்: ‘ஸ்டெம் செல் ஊசி போட்டா போதும், காலைக் காப்பாத்திடலாம்.’ கட்டணம் லட்சங்களில். கடன் வாங்கியாவது போடலாமா?

அவசரப்படாதீங்க. அதற்காக ‘எல்லாமே டுபாக்கூர்’ என்று தள்ளிவிடவும் முடியாது. விஷயம் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

புண் ஏன் அப்படியே நிற்கிறது?

சாதாரணக் காயம் என்றால் ரத்தம் உறையும், வீங்கிச் சிவக்கும், புதுச் சதை வளரும், கடைசியில் தோல் மூடும். சர்க்கரை நோயாளியின் பாதப் புண் பெரும்பாலும் அந்த வீக்கக் கட்டத்திலேயே சிக்கிக்கொள்கிறது. ரத்த ஓட்டம் குறைவு, கிருமித் தொற்று வேறு. நரம்பு மரத்துப்போனதால் வலியும் தெரியாது. அதே புண்ணை ஊன்றி நடந்துகொண்டே இருப்பார்கள். இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொல்கிறது.

ஸ்டெம் செல் என்ன செய்யும்?

எலும்பு மஜ்ஜை, கொழுப்பு, தொப்புள்கொடி ஆகியவற்றிலிருந்து எடுக்கும் ஒருவகை ஸ்டெம் செல்களைத்தான் புண்களில் அதிகம் சோதிக்கிறார்கள். இவை நேராகத் தோலாக மாறிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. சில காலம் அங்கே இருந்து, வீக்கத்தைத் தணிக்கவும் புது ரத்தக் குழாய்கள் முளைக்கவும் வேதிச் சமிக்ஞைகளை அனுப்புகின்றன. சிறிய ஆய்வுகளில் நல்ல பலன் தெரிகிறது. ஆனால் சிறிய ஆய்வை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஐரோப்பாவில் ஓர் உதாரணம் உண்டு. குரோன் நோயில் ஆசனவாய் அருகே வரும் ஆறாத புரைக்கு ‘அலோஃபிசெல்’ என்ற ஸ்டெம் செல் மருந்து 2018-ல் அனுமதி பெற்றது. பிறகு நடந்த பெரிய ஆய்வில் போலி மருந்தைவிடப் பெரிதாகப் பலன் தெரியவில்லை. 2024-ல் மருந்து சந்தையிலிருந்து போய்விட்டது.

மறுபக்கமும் உண்டு. தொட்டாலே தோல் உரியும் பரம்பரை நோயால் உடலெல்லாம் புண்ணான 7 வயதுச் சிறுவனுக்கு, 2015-ல் ஜெர்மனியின் போகும் நகரில் சுமார் 80% தோலைப் புதிதாகவே வளர்த்துப் பொருத்தினார்கள். அவனுடைய தோல் ஸ்டெம் செல்களையே எடுத்து, பழுதான மரபணுவைச் சரிசெய்து செய்த வேலை அது. தெருமுனை கிளினிக் தரும் ஊசி அதுவல்ல. பல இடங்களில் ‘ஸ்டெம் செல்’ என்ற பெயரில் பி.ஆர்.பி.யைத் தருகிறார்கள், அது உங்கள் ரத்தத்தைச் சுழற்றிப் பிரித்தெடுத்த தட்டணுக்கள், அவ்வளவுதான்.

இந்தியாவில் எது சட்டப்படி?

பெங்களூரு ஸ்டெம்பியூட்டிக்ஸ் நிறுவனத்தின் ‘ஸ்டெம்பியூசெல்’ அனுமதி பெற்ற மருந்து. ஆனால் எல்லாப் புண்ணுக்கும் அல்ல. கால் ரத்தக் குழாய் மோசமாக அடைபட்டு, காலே போகும் நிலையில் இருப்பவர்களுக்கு. இப்படி அனுமதி பெற்ற மருந்துகளைத் தாண்டி, ஸ்டெம் செல் சிகிச்சையை ஆய்வாக மட்டுமே செய்யலாம் என்பது ஐ.சி.எம்.ஆரின் 2017 வழிகாட்டு நெறி. ரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்று போன்றவை மட்டும் விதிவிலக்கு. இங்கேதான் கவனிங்க: ஆய்வில் சேரும் நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. ‘இது ஆய்வு சார், ஆனா மூணு லட்சம் ஆகும்’ என்று சொன்னால் அந்த இரண்டும் ஒத்துப்போகாது. உண்மையான ஆய்வு என்றால் சி.டி.ஆர்.ஐ. பதிவு எண் இருக்கும். அதைக் கேட்டு வாங்கி, அந்த இணையதளத்தில் நீங்களே தேடலாம், இலவசம்.

அப்போ பணத்தை எதில் போடுவது?

இதில் கவர்ச்சியே கிடையாது: செத்த சதையை வெட்டி எடுப்பது, தொற்றை அடக்குவது, சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது, அடைபட்ட குழாயைத் திறப்பது. எல்லாவற்றையும்விட வீடுகளில் அதிகம் கோட்டை விடுவது, புண்ணின் மேல் பாரம் விழாமல் பார்ப்பதைத்தான். இதன் கதை வேலூரோடு தொடர்புடையது. சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளுக்குச் சிகிச்சையளித்த டாக்டர் பால் பிராண்ட், பாதம் அழிவது பெரும்பாலும் வலி தெரியாமல் ஊன்றுவதால்தான் என்று காட்டினார். பாதத்தோடு ஒட்டிப் போடும் மாவுக்கட்டு முறையை 1960-களில் அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார். உள்ளங்கால் சர்க்கரைப் புண்ணுக்கு இன்றும் அது முதல்தரச் சிகிச்சைகளில் ஒன்று. ரத்த ஓட்டம் மிகக் குறைவாகவோ தொற்று கடுமையாகவோ இருந்தால் மட்டும் போட முடியாது.

முறையான சிகிச்சை கொடுத்தும் 4 வாரத்தில் புண் பாதியாகச் சுருங்கவில்லை என்றால், எங்கோ ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். அடுத்த முறை அப்பாவைக் கூட்டிப் போகும்போது ஸ்டெம் செல்லுக்கு முன்னால் இதைக் கேளுங்க: ‘கால் ரத்தக் குழாய்க்கு டாப்ளர் எடுத்தாச்சா டாக்டர்?’