கெட்ட மரபணுவும் வாயடைக்கப்பட்ட மரபணுவும்

‘மரபணு’ என்றதும் ‘பரம்பரை’ என்று பொருள் கொள்வது நம் வழக்கம். பெருங்குடல் புற்றுநோயில் இந்தக் குழப்பம் குடும்பங்களையே தடுமாற வைக்கிறது.

இந்நோய் படிப்படியான மரபணுப் பிறழ்வுகளால் முற்றுவதை 1990இல் ஃபியரானும் வோகல்ஸ்டைனும் விளக்கினர். ஆனால், பிறழ்வே இல்லாமலும் ஒரு மரபணு செயலிழக்கலாம். டி.என்.ஏ. பிழைகளைத் திருத்தும் எம்.எல்.எச்.1 இதற்குச் சான்று. அதன் தொடக்கப் பகுதியில் மெத்தில் தொகுதிகள் ஏறினால், எழுத்து மாறாமலே அது வாயடைக்கப்படுகிறது; பிழைகள் குவிந்து கட்டி வளர்கிறது. பெரும்பாலும் முதுமையில் குடல் செல்களில் நேரும் இம்மாற்றம் பிள்ளைகளுக்குச் செல்வதில்லை. அதே மரபணுவில் பிறவிப் பிறழ்வு இருந்தாலோ அது லிஞ்ச் நோய்க்குறி. நோயாளியின் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அப்பிறழ்வு வந்திருக்கும் வாய்ப்பு சரிபாதி.

திசுச் சோதனையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்: எம்.எல்.எச்.1 புரதம் இராது. காரணத்தைப் பிரித்தறிய, கட்டியில் மெத்திலேற்றத்தையும் பி.ராஃப் மரபணுவின் வி600இ மாற்றத்தையும் தேட வேண்டும்.

தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் வட்டங்களின் தமிழ்க் குடும்பங்களுக்கு இவ்வேறுபாடு மிக முக்கியமானது. அண்ணன் மூணாறு எஸ்டேட்டிலும் தங்கை போடியிலும் வாழ்வது இங்கு இயல்பு. கொழிஞ்சாம்பாறைக்காரருக்குப் பொள்ளாச்சியில் உறவு இருக்கும். நோய் வரலாறு இரு மாநிலக் கோப்புகளில் சிதறிக் கிடக்க, ‘அப்பாவுக்கு வயிற்றில் கட்டி’ என்ற நினைவே எஞ்சுகிறது. குடும்ப வரலாற்றைக் கேட்டு மட்டும் முடிவெடுப்பது இங்கே போதாது. கட்டியையே கேட்க வேண்டும்.

செலவு கூடும் என்பர். புரதம் இல்லாத கட்டிகளுக்கு மட்டுமே இரண்டாம் கட்டச் சோதனை தேவை. வாயடைப்பே காரணமெனில் உறவினர் பலர் வீண் அச்சத்திலிருந்து விடுபடுவர். பிறவிப் பிறழ்வெனில், இளம் வயதிலேயே தொடங்கும் கொலோனோஸ்கோபி உயிர்காக்கும்.

அம்முடிவை உறவினரிடம் கொண்டுசேர்ப்பவர் நோயாளியே. அவருக்குப் புரியாத மொழியில் தரப்படும் அறிக்கை மூணாற்றிலிருந்து போடிக்குப் போய்ச் சேராது. தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழில் எழுதித் தமிழிலேயே மறுமொழி பெற 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடமளிக்கிறது. அந்த உரிமையின் உணர்வு மருத்துவ ஆலோசனைக்கும் நீள வேண்டும். மெத்திலேற்றத்தை ஆய்வேட்டில் எழுதும் நாம், அதை ஒரு தோட்டத் தொழிலாளிக்கு ஒரு பக்கத் தமிழில் விளக்கவும் கடமைப்பட்டவர்கள்.