ஷெட்டில் தூங்கும் அப்பாவின் லாரி... எழுப்பும் முன் இதைக் கவனிங்க!

திருவண்ணாமலையைச் சுற்றி செங்கம், போளூர், வேட்டவலம் சாலைகளில் போனால், அரிசி ஆலைக்குப் பின்னாலோ தோட்டத்து ஓரத்திலோ பழைய லாரி ஒன்று நிற்பது கண்ணில் படலாம். ஒரு காலத்தில் நெல்லும் மல்லாட்டையும் ஏற்றி, குடும்பத்துக்கே சோறு போட்ட வண்டி. ஓட்டியவர் இப்போது இல்லை. ஆயுத பூஜைக்கு மட்டும் பொட்டு வைக்கிறார்கள்.

ஒருநாள் மகன் சொல்வார், “புது பேட்டரி போட்டு ஸ்டார்ட் பண்ணிப் பார்த்துடலாம்மா!”

அந்த அவசரம்தான் இன்ஜினுக்கு எமன்.

முதலில் கையால்...

வருடக்கணக்கில் நின்ற இன்ஜினில் ஈரம் ஏறி, பிஸ்டன் ரிங் லைனரோடு துருவால் ஒட்டியிருக்கும். செல்ஃப் அடித்தால் ரிங் உடையலாம், லைனர் கீறலாம். அதனால் நாசில்களைக் கழற்றி, அந்தத் துளை வழியாகக் கொஞ்சம் ஆயில் விட்டு, ஓரிரு நாள் ஊறவிட வேண்டும். பிறகு கிராங்க் புல்லியில் ஸ்பேனர் போட்டு கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும். முழுச் சுற்று வந்தால் பாதி ஜெயித்த மாதிரி. நாசிலை மாட்டும் முன்பே சில சுற்று விட்டு, மேலே தேங்கிய ஆயிலை வெளியேற்றிவிட வேண்டும்.

டேங்க்கில் இருப்பது டீசல் அல்ல!

பழைய டீசல் பிசினாகியிருக்கும். அடியில் தண்ணீர் தேங்கி, அதில் கிருமி வளர்ந்து சகதியாகியிருக்கும். டேங்க்கைக் கழுவி, ஃபில்டர், இன்ஜின் ஆயில், கூலன்ட், ரப்பர் ஹோஸ்களை மாற்ற வேண்டும். புது டீசல் ஊற்றியதும் கைப்பம்ப்பை அடித்து, லைனில் உள்ள ஏரை எடுத்தால்தான் ஸ்டார்ட் ஆகும்.

சாவியை ஆஃப் செய்தாலும் நிற்காது

பழைய லாரிகளில் டீசல் பம்ப் முழுக்க மெக்கானிக்கல். பம்ப்புக்குள் ரேக் ஜாம் ஆகியிருந்தால் ஸ்டாப் கேபிளை இழுத்தாலும் நிற்காமல் இன்ஜின் எகிறும். எனவே ரேக் அசைகிறதா என முன்பே பார்ப்பதும், காற்றுக் குழாயை அடைக்க ஒரு பலகையோடு ஆள் நிற்பதும் அவசியம். பிரேக் சரியாகும்வரை சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தே வைக்க வேண்டும்.

ஆர்.சி. யார் பெயரில்?

இன்ஜின் உறுமினாலும் எஃப்.சி. இல்லாமல் ரோட்டில் ஏற முடியாது. எட்டு வருடம் தாண்டிய லாரிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. காட்ட வேண்டும். இன்சூரன்ஸ், வரி பாக்கி தனி. உரிமையாளர் இறந்திருந்தால் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31 மூலம் வாரிசு பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும் என்கிறது விதி. பல வீடுகளில் விட்டுப்போவது இதுதான்.

எனவே மெக்கானிக்கிடம் பணம் கொடுக்கும் முன் இரண்டைப் பாருங்கள். இன்ஜின் கையால் சுற்றுகிறதா? பீரோவில் இருக்கும் ஆர்.சி.யை ஆர்.டி.ஓ. ஆபீஸில் காட்டினால் என்ன சொல்கிறார்கள்? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்த பிறகு, ரிப்பேரா விற்பனையா என்று வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசலாம்.