கார் விலையும் துண்டுப் பேரமும்

நம்ம பக்கம் யாராவது புதுக்கார் எடுத்தால் முதலில் கேட்கிற கேள்வி, "எவ்வளவுங்க குறைச்சாங்க?" என்பதுதான். இருபதாயிரம் குறைத்தேன் என்றால் கெட்டிக்காரர். ஒன்றும் குறைக்கவில்லை என்றால் ஏமாளி. வண்டி என்ன மைலேஜ் கொடுக்கிறது என்பதெல்லாம் அப்புறம்தான். இந்தக் கணக்கு சரியில்லை என்பது என் கட்சி.

முதலில் டீலர் பக்கத்தைப் பார்ப்போம். ஷோரூம்காரர் கார் ஒன்றுக்கு லட்சக்கணக்கில் அள்ளுகிறார் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கார் டீலர்களின் அகில இந்திய சங்கமான ஃபாடா, கம்பெனிகள் தங்களுக்குக் குறைந்தது 7 சதவீதமாவது மார்ஜின் தர வேண்டும் என்று கேட்டதுண்டு. அப்படிக் கேட்கிறார்கள் என்றால் கிடைப்பது அதைவிடக் குறைவு என்றுதானே அர்த்தம்? எட்டு லட்ச ரூபாய் ஷோரூம் விலையுள்ள ஒரு சின்னக் காரில் 4 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 32,000 ரூபாய். அதில்தான் வாடகை, சம்பளம், கரண்டு பில், வங்கி வட்டி எல்லாம்.

அதே காரில் அரசாங்கத்துக்குப் போவதைப் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். எட்டு லட்சத்துக்குள் அது மட்டும் சுமார் 1,22,000 ரூபாய். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட ஆயுள்கால வரி, ஐந்து லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரையுள்ள கார்களுக்கு 13 சதவீதம். அது 1,04,000. இரண்டும் சேர்ந்து இரண்டேகால் லட்சம். அதைப் பற்றி நாம் யாரிடமும் பேரம் பேச முடியாது. எதிரே உட்கார்ந்திருக்கிற டை கட்டிய பையனிடம்தான் நம் வீரமெல்லாம்.

வங்கி வட்டி என்றேன். அது சின்ன விஷயம் இல்லை. கம்பெனி அனுப்புகிற வண்டிக்குப் பணம் கட்டியாக வேண்டும். டீலர் கடன் வாங்கித்தான் கட்டுகிறார். 21 நாள் விற்பனைக்குண்டான சரக்கு கையில் இருந்தால் போதும் என்பது ஃபாடாவின் கணக்கு. 2024 செப்டம்பரில் அது 80 நாளையும் தாண்டிவிட்டதாக அவர்களே சொன்னார்கள். கொப்பரை விலை ஏறும் என்று களத்தில் மூட்டை அடுக்கி வைத்து வட்டி கட்டியவர்களுக்கு இந்த வலி புரியும். வருஷக் கடைசியிலும் மாசக் கடைசியிலும் தள்ளுபடி தாராளமாக வருவதன் காரணமும் இதுதான். பாசத்தால் இல்லை, வட்டி ஓடுகிறது, மாச டார்கெட் கழுத்தில் இருக்கிறது.

2021 செப்டம்பரில் ஃபோர்டு கம்பெனி இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தபோது, மறைமலை நகர் தொழிற்சாலைத் தொழிலாளர்களைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். ஷோரூம் கட்டி முதல் போட்டிருந்த டீலர்களைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை. அவர்களும் நடுவில் மாட்டிக்கொண்டவர்கள்தான். ஆகவே டீலர் லாபம் வைக்கக்கூடாது என்று நான் சொல்லமாட்டேன். கடை நடத்துகிறவர் சம்பாதிக்கத்தான் வேண்டும்.

என் சண்டை வேறு இடத்தில். வண்டியில் லாபம் மெலிதாக இருப்பதால், வண்டியைச் சுற்றியிருக்கிற சமாச்சாரங்களில் அதைத் தேடுகிறார்கள். இன்சூரன்ஸில் கமிஷன், லோனில் கமிஷன், சீட் கவர், மிதியடி, "பேசிக் கிட்", கூடுதல் வாரண்டி, பழைய வண்டி எக்ஸ்சேஞ்ச், இதெல்லாம் போதாதென்று "ஹேண்ட்லிங் சார்ஜ்". ஷோரூம் விலை என்றாலே ஷோரூமில் வண்டி வந்து நிற்கிற விலை. அதற்கு மேல் எதைக் கையாளக் கூலி? ஒரு வரியில் தள்ளுபடி கொடுத்து நம்மைச் சந்தோஷப்படுத்திவிட்டு, நாம் பார்க்காத ஐந்து வரிகளில் திரும்ப எடுத்துக்கொள்கிறார்கள்.

நம்ம ஊர்க்காரர்களுக்குப் பேரம் புதிதில்லை. சித்திரையில் கண்ணபுரம் மாரியம்மன் தேரை ஒட்டிக் கூடுகிற மாட்டுச் சந்தையை எத்தனை வருஷமாகப் பார்க்கிறோம்! துண்டுக்கு அடியில் கையை விட்டு, விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். சுற்றி நிற்கிற கூட்டத்துக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் துண்டுக்குள் இருக்கிற இரண்டு கைக்கும் விலை நன்றாகத் தெரியும். தரகர் இருந்தால் அவருக்கு என்ன தரகு என்பதும் தெரியும். கார் ஷோரூமில் நடப்பது இதற்கு நேர் எதிர். அங்கே துண்டுக்கு வெளியே நிற்பவரே வாங்குகிறவர்தான்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். ஊரும் ஷோரூமும் வேண்டாம். என் தம்பி மகனும், எங்களுக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவரும் ஒரே ஷோரூமில், ஒரே மாதத்தில், ஒரே மாடல் எடுத்தார்கள். அவன் வாயாடி. 18,000 ரூபாய் தள்ளுபடி வாங்கினான். இன்சூரன்ஸை வெளியே எடுத்ததில் 9,000 மிச்சம். கிட்டும் வேண்டாம், ஹேண்ட்லிங்கும் கட்டமாட்டேன் என்றுவிட்டான். அந்த அம்மா தனியாகப் போனவர். தள்ளுபடி இல்லை. கிட் என்று 12,000, ஹேண்ட்லிங் என்று 6,500. கூட்டிப் பார்த்தால் 45,500 ரூபாய் வித்தியாசம். அவர் மாதாமாதம் பென்ஷனில் மிச்சம் பிடித்த பணம்.

அவருக்காக அந்த ஷோரூமுக்குப் போய்க் கேட்டேன். "ஏனுங் தம்பி, ஒரே வண்டிக்கு எப்படிங்க ரெண்டு விலை?" என்றேன்.

அந்தப் பையன் மரியாதையாகத்தான் பேசினான். "அவங்க ஒண்ணுமே கேக்கலைங்க சார். கேட்டிருந்தா மேனேஜர்கிட்டப் பேசிக் குறைச்சிருப்பேன்" என்றான்.

அவன் சொன்னது பொய் இல்லை. ஆனால் அதுதான் என்னை உறுத்தியது. கேட்கத் தெரிந்தவனுக்கு ஒரு விலை, கூச்சப்படுகிறவருக்கு ஒரு விலை. வாயாடிக்குக் கொடுக்கிற தள்ளுபடியை வாயில்லாதவரிடம் ஈடுகட்டிக்கொள்கிறார்கள். முதல்முறை கார் வாங்குகிற விவசாயியும், தனியாகப் போகிற பெண்ணும், வயசானவர்களும்தான் பெரும்பாலும் அந்த இரண்டாம் வரிசை. அந்தப் பையனைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. அவன் வருமானம் இன்சென்டிவில் இருக்கிறது. அவன் மேல் கோபப்படுவதால் பில்லில் ஒரு வரிகூடக் குறையாது.

"அப்படியென்றால் எல்லோருக்கும் ஒரே விலை என்று கம்பெனியே சட்டம் போட்டுவிடலாமே?" என்று நீங்கள் கேட்கலாம். அதற்கும் ஒரு கதை இருக்கிறது. டீலர்கள் தான் அனுமதித்ததற்கு மேல் தள்ளுபடி கொடுக்கக்கூடாது என்று மாருதி சுசூகி கட்டுப்படுத்தியது என்பது இந்தியப் போட்டி ஆணையம் விசாரித்த வழக்கு. வாடிக்கையாளர் போல ஆட்களை ஷோரூமுக்கு அனுப்பி வேவு பார்த்து, மீறிய டீலர்களுக்கு அபராதம் போட்டார்கள் என்று ஆணையம் சொன்னது. 2021 ஆகஸ்டில் கம்பெனிக்கு 200 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. கம்பெனி மேல்முறையீட்டுக்குப் போனது. இதில் நமக்குண்டான பாடம் ஒன்று. ஈரோடு டீலரும் கோவை டீலரும் ஒருவரோடு ஒருவர் போட்டி போடாதபடி மேலேயிருந்து கையைக் கட்டுவது வேறு. ஒரு டீலர் தன் கடைக்கு வருகிற எல்லோருக்கும் ஒரே விலையைச் சொல்வது வேறு. முதலாவது நம் பையில் கை வைப்பது. இரண்டாவது நாணயம்.

அதனால் நான் சொல்கிற பேரம் வாயால் செய்கிற பேரம் இல்லை; காகிதத்தால் செய்கிற பேரம். காங்கேயத்துக்காரர்களுக்கு அதில் ஒரு வசதி உண்டு. திருப்பூர், ஈரோடு, தாராபுரம், கரூர், கோயமுத்தூர் என்று நாலா பக்கமும் ரோடு போகிறது. மூன்று ஊரில் கொட்டேஷன் வாங்குங்கள். ஆன்ரோடு விலை மொத்தமாக எவ்வளவு, அதில் ஒவ்வொரு வரியும் எதற்கு என்று எழுதி, சீல் வைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். தள்ளுபடியைப் பார்க்காதீர்கள், கடைசி வரியைப் பாருங்கள்.

இன்சூரன்ஸை டீலரிடம்தான் எடுக்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. 2017 நவம்பர் முதல் நடைமுறையில் உள்ள காப்பீட்டு ஆணைய விதிகளிலேயே அது இருக்கிறது. புதுக்காருக்கு மூன்று வருஷத் தேர்ட் பார்ட்டி காப்பீடு 2018 செப்டம்பர் முதல் கட்டாயம். ஆனால் எந்தக் கம்பெனியில் எடுப்பது என்பது உங்கள் இஷ்டம். பழைய வண்டியைக் கொடுப்பதாக இருந்தால் புது வண்டி விலையை முடித்துவிட்டு அப்புறம் அந்தப் பேச்சை எடுங்கள். இரண்டையும் சேர்த்துப் பேசினால் எங்கே குறைந்தது, எங்கே கூடியது என்று உங்களுக்குத் தெரியாது.

டீலர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் லாபத்தை வண்டியின் விலையிலேயே வைத்து, நேராகச் சொல்லி வாங்குங்கள். நம் ஊர் ஆட்கள் நியாயமான லாபத்தைக் கொடுக்காதவர்கள் இல்லை. எண்ணெய் மில்லும் அரிசி ஆலையும் நடத்துகிற ஊர் இது. கடைக்காரருக்குக் கட்டுப்படியாக வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியும்.

வாங்கப் போகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. "இன்னிக்கு புக் பண்ணாத்தான் சார் இந்த ஆஃபர்" என்பார்கள். காபி கொடுப்பார்கள், குடியுங்கள். கொட்டேஷனை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள். கூட ஒருவரை உட்கார வைத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். புரியாத வரிக்கு மறுநாள் காலையில் போன் போட்டுக் கேளுங்கள். பதில் வந்த பிறகு அட்வான்ஸ் கொடுத்தால் போதும்.