கரப்பான் குழந்தையைத் தேய்த்துத் தேய்த்துக் குளிப்பாட்டாதீர்கள்!

முழங்கை மடிப்பிலும் முழங்கால் மடிப்பிலும் செக்கச்செவேலென்று தடித்து, ராத்திரி பூரா சொறிந்து அழுகிற குழந்தையைப் பார்த்தால் அக்கம்பக்கத்தில் முதலில் என்ன சொல்வார்கள்? "தாய்க்காரி சுத்தமா வெச்சுக்கலை." பாவம், அவளும் பீர்க்கை நாரும் கிருமிநாசினி சோப்புமாகக் கிளம்பிவிடுவாள். கரப்பான், டாக்டர்கள் பாஷையில் எக்ஸிமா, அழுக்கினால் வருவதில்லை. இதை மாமியார்மார்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அப்படியானால் கிருமிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையா என்றால், உண்டு. நம் எல்லோருடைய தோலிலும் கோடிக்கணக்கில் பாக்டீரியா குடியிருக்கிறது. பெரும்பாலும் சாது. சில நமக்குக் காவல்கூட இருக்கின்றன. கரப்பானில் தொல்லை தருவது ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற ஒன்று. வளர்த்துப் பார்த்தபோது பொன்னிறமாக இருந்ததாம். அதனால் 1884-ல் ரோஸன்பாக் என்ற ஜெர்மன் டாக்டர், தங்கம் என்று அர்த்தம் வரும்படி பெயர் வைத்தார். (பேர்தான் தங்கம்!) கரப்பான் உள்ள 100 பேரில் சுமார் 70 பேருக்குப் புண்ணில் இது இருக்கிறது. கரப்பான் கிளம்பும்போது இது பெருகி மற்ற பாக்டீரியாக்கள் குறைவதையும், வைத்தியம் செய்தால் அவை திரும்பி வருவதையும் 2012-ல் அமெரிக்காவில் குழந்தைகளிடமே பார்த்திருக்கிறார்கள்.

2017-ல் கலிஃபோர்னியாவில் இன்னொரு விஷயம் தெரிந்தது. நல்ல பாக்டீரியாக்களில் சில, இந்த ஆரியஸைக் கொல்லும் பொருளைத் தாமே சுரக்கின்றன. கரப்பான்காரர்கள் தோலில் அந்தக் காவல்காரர்கள் குறைவு. நாமோ சோப்புப் போட்டுத் தேய்த்து, இருக்கிற காவலையும் விரட்டுகிறோம்! தோலுக்கு இயற்கையாக லேசான புளிப்புத்தன்மை உண்டு. காரமான சோப்பு அதைப் போக்கிவிடும். ஆரியஸுக்குக் கொண்டாட்டம்தான்.

2023-ல் ஹார்வர்டில் எலிகளை வைத்துச் செய்த ஆராய்ச்சியில், இந்தக் கிருமி விடும் ஒரு என்ஸைம் நேரே நரம்பைத் தூண்டி அரிப்பை உண்டாக்குவது தெரிந்தது. அரிப்பு, சொறிதல், தோல் கிழிதல், மறுபடி கிருமி. குழந்தையை "சொறியாதே" என்று அடிப்பதில் என்ன பிரயோஜனம், சொல்லுங்கள்?

வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து பத்து நிமிஷம் குளிப்பாட்டினால் போதும். நாரும் வேண்டாம், கடலை மாவும் வேண்டாம். மென்மையான சோப்பு, தேவைப்பட்ட இடத்தில் மட்டும். துண்டால் ஒற்றி எடுத்து, ஈரம் காயுமுன் டாக்டர் சொன்ன ஈரப்பசை க்ரீமைத் தாராளமாகத் தடவுங்கள். தேங்காயெண்ணெய்? 2008-ல் பிலிப்பைன்ஸில் பெரியவர்களிடம் சோதித்ததில், சுத்தமான தேங்காயெண்ணெய் தடவியவர்களில் அநேகமாக எல்லோருக்கும் இந்தக் கிருமி போய்விட்டது. ஆலிவ் எண்ணெய்க்கு அந்த அளவு பலன் இல்லை. நம் பாட்டிமார்கள் காதில் விழட்டும். ஆனாலும் புண் நீர் கசியும்போது டாக்டரைக் கேட்காமல் எதையும் தடவாதீர்கள்.

நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். ஸ்டீராய்டு களிம்பைக் கடையில் நீங்களாக வாங்கவும் கூடாது. டாக்டர் கொடுத்ததைப் பயந்து பாதியில் நிறுத்தவும் கூடாது. மஞ்சள் பொருக்கு, சீழ், ஜுரம் என்று கண்டால் அன்றே காட்டிவிடுங்கள்.

கரப்பான் ஒட்டுவாரொட்டியும் அல்ல. பள்ளிக்கூடத்தில் குழந்தையைத் தனியாக உட்கார வைத்தால், டாக்டரிடம் இரண்டு வரி எழுதி வாங்கிக்கொண்டு டீச்சரை நேரிலேயே போய்ப் பாருங்கள்.