மீன் சாகவில்லை என்பது சான்றிதழ் அல்ல



மீன் தொட்டி வைத்திருக்கும் வீடுகளில் ஒரு வசனம் அடிக்கடி காதில் விழுகிறது. "தண்ணியில கை வெச்சா லேசா சுர்ருனு இருக்கும் சார், பழகிடும். செருப்பு போட்டுக்கிட்டா தெரியாது." கடைக்காரரும் சொல்கிறார், பட்டம் வாங்கிய பிள்ளைகளும் சொல்கிறார்கள். மின்சாரத்தோடு பழகுவதாவது! அது என்ன பக்கத்து வீட்டு நாயா?

"கரண்ட் இருந்தா மீன் செத்திருக்குமே?" என்பது அடுத்த கேள்வி. மின்கம்பியில் உட்காரும் காக்கை சாகிறதா? மின்னோட்டம் உடலில் பாய, நுழைய ஒரு வழியும் வெளியேற ஒரு வழியும் வேண்டும். கண்ணாடித் தொட்டிக்குள் மீனுக்கு வெளியேறும் வழி இல்லை. கையைத் தண்ணீரில் விட்டு, ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கும் உங்களுக்கு இருக்கிறது.

மல்டிமீட்டர் காட்டும் 30, 40 வோல்ட் வெறும் தூண்டல் மின்னழுத்தம்தான் என்று சிலர் வாதிடுகிறார்கள். பல நேரம் அது உண்மை. மோட்டார் காயில் பக்கத்தில் இருந்தாலே அப்படிக் காட்டும், ஆபத்தான மின்னோட்டம் அதில் இருக்காது. ஆனால் ஹீட்டரின் கண்ணாடிக் குழாய் விரிசல் விட்டாலும், ஒயரின் தோல் கிழிந்தாலும் மீட்டர் முள் நகரத்தான் செய்யும். எது தூண்டல், எது கசிவு என்று உங்கள் விரலை விட்டா கண்டுபிடிப்பீர்கள்?

"எங்க வீட்ல ட்ரிப்பர் இருக்கு சார்." இருக்கட்டும். அது எம்சிபி. 6 ஆம்பியருக்கு மேல் போனால்தான் அதற்கு உறைக்கும். மனித இதயத்தைத் தடுமாற வைக்க 0.1 ஆம்பியரே போதும். உங்களுக்கு வேண்டியது 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி. போன மின்னோட்டமும் திரும்பிய மின்னோட்டமும் சமமாக இல்லையென்றால், கண்ணிமைக்கும் நேரத்தில் அது இணைப்பைத் துண்டிக்கும்.

இன்னும் சிலர் டைட்டானியம் எர்த் கம்பியைத் தொட்டியில் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார்கள். ஆர்சிசிபி இருக்கும் வீட்டில், எர்த்தும் ஒழுங்காக இருந்தால், அது நல்ல துணை. இல்லாத வீட்டில், கசிவு மின்சாரம் நாள் முழுக்கத் தண்ணீர் வழியாக எர்த்துக்குப் போய்க்கொண்டே இருக்கும். இதுவரை தப்பித்த மீனுக்கும் நாமே வழி திறந்துவிட்ட கதைதான்!

எல்லாவற்றையும்விடக் கொடுமை, பிளக்கின் மூன்றாவது பின்னை வெட்டி எறிவது. எர்த் பின் மட்டும் நீளமாக இருப்பது அழகுக்கு அல்ல; முதலில் சேர்ந்து, கடைசியில் பிரிவதற்கு.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். தகுதியான எலக்ட்ரீஷியனை வைத்து ஆர்சிசிபி பொருத்துங்கள், எர்த்தையும் சோதிக்கச் சொல்லுங்கள். தொட்டியில் கை வைக்கும் முன் பிளக்கையே பிடுங்குங்கள். சுவிட்ச் நியூட்ரலில் மாட்டியிருந்தால் அணைத்த பிறகும் பேஸ் உள்ளே இருக்கும். ஒயர் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கட்டும். வழியும் தண்ணீர் அங்கே சொட்டிவிடும், சாக்கெட்டுக்குள் போகாது.

வாஸ்துவுக்காக ஆயிரக்கணக்கில் கொடுத்து அரோவானா வாங்குகிறோம். ஆர்சிசிபி என்றதும் "அதெல்லாம் எதுக்கு சார்?" என்கிறோம். மீனைத் தொட்டுப் பார்க்க ஸ்டூல் போட்டு ஏறும் குழந்தைக்குச் செருப்பு போடும் தந்திரம் தெரியாது.

ஏற்கெனவே ஆர்சிசிபி இருக்கும் வீட்டார், இன்றே அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பாருங்கள். விழவில்லை என்றால் நாளைக்கே மாற்றுங்கள்.